முறிந்த இழையும் சிவப்பு மைக்குறியும்



விடைத்தாள் திருத்துவதாக ஆசிரியர்கள் சொல்லிக்கொள்கிறோமே தவிர, உண்மையில் நாங்கள் எதையும் திருத்துவதில்லை. பிழையுள்ள இடத்தின்கீழ்ச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கிறோம், அவ்வளவே. பிழையை நீக்கிச் சரியானதை எழுதுவது தாளுக்கு உரிய மாணவனுடைய வேலை. குறியிடுவது வேறு, திருத்துவது வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிவப்பு மையோடு வாழ்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இவ்விரு வேலைகளும் இதே போலத் தனித்தனியே நடைபெறுகின்றன என்று படித்தபோது எனக்கு உண்டான வியப்பு சிறிதன்று.

அறிவியலார் இதனை எளிதில் கண்டுவிடவில்லை. திருத்தும் வேலையை அவர்கள் முன்னதாகவே அறிந்தனர். குறியிடும் வேலை என்று ஒன்று உண்டு என்பதோ நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை. நேராக நடக்க இயலாத சில குழந்தைகளே அதற்கு வழி காட்டினர். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் இழையைப் பற்றிச் சில சொற்கள். உயிரணுவின் உட்கருவில் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழைகளை யாரேனும் எடுத்து நீட்டிப் பிடிக்க முடியுமானால், அவற்றின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். ஏணிப் படிகளைப்போல் அமைந்த 600 கோடி இணை எழுத்துகள் அதில் உள்ளன. இவ்வளவு நீண்ட இழை பழுதின்றி இருக்க இயலுமா? இயலாது. 1927-ஆம் ஆண்டில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின்மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அவற்றின் மரபுப் பண்புகள் மாறிவிடுவதைக் காட்டினார். கதிரே படாவிட்டாலும் இழை சும்மா இருப்பதில்லை. ஓர் உயிரணுவில் நாள்தோறும் பல்லாயிரம் எழுத்துகள் உடலின் வெப்பத்தாலும் நீராலுமே உதிர்ந்துபோகின்றன என்று சுவீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்டால் 1972-இல் கணக்கிட்டார். எங்கள் காலத்துப் பாடநூலில் டி.என்.ஏ.யின் அழகிய படம் ஒன்று இருந்தது. அது பழுதுபடும் பொருள் என்ற செய்தி மட்டும் அதில் இல்லை.

பழுதைச் செப்பனிடும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்பட்டன. புற ஊதாக் கதிரால் சாகவேண்டிய நுண்ணுயிர்களைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளி பிழைக்கவைப்பதை 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் வெளியிட்டார். கெட்ட பகுதியை வெட்டியெறிந்து புதிதாக நிரப்பும் முறை 1964-இல் தெரியவந்தது. இக்கருவிகளை ஆராய்ந்த லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சங்கார் ஆகிய மூவருக்கும் 2015-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இக்கருவிகள் யாவும் புரதங்களே. இவற்றின் கதை தனியே சொல்லத் தக்கது. நாம் இங்கே நிற்காமல் மேலே செல்வோம்.

1926-இல் பிராக் நகரத்து மருத்துவர்கள் இருவரும், 1941-இல் பெல்ஜிய நாட்டு மருத்துவர் தெனீஸ் லூயி-பார் என்ற அம்மையாரும் ஒரு விந்தையான நோயைப் பற்றி எழுதினர். 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எலினா போடர், ராபர்ட் செட்ஜ்விக் என்னும் இருவர் அந்நோய்க்கு உரிய இலக்கணத்தை வகுத்தனர். அடாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்பது அதன் பெயர். நாக்கைச் சுளுக்கும் பெயர்தான். முதற்சொல் தள்ளாட்டத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல், விரிந்து சிவந்து தோன்றும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் குறிக்கும். இந்நோய் உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். நடை பயிலும் பருவத்தில்தான் பெற்றோர் ஏதோ குறை உண்டென உணர்வார்கள். பிற குழந்தைகள் ஓடி விளையாடும் வயதில் இது தள்ளாடும். கண்ணின் வெள்ளை விழியில் சிவந்த நரம்புகள் படரும். பேச்சுக் குழறும். ஏறக்குறையப் பத்து வயதில் சக்கர நாற்காலியின் துணை வேண்டியதாகும். அடிக்கடி நுரையீரலில் நோய் தொற்றும். இரத்தப் புற்றுநோயும் நிணநீர்க் கட்டிகளும் இக்குழந்தைகளுக்கு ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக வரும்.

புற்றுநோய் வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? கதிர் மருத்துவம் செய்வார். அங்கேதான் பெருந்துன்பம் நேர்ந்தது. மற்றக் குழந்தைகள் தாங்கிக்கொள்ளும் அதே அளவு கதிர், இக்குழந்தைகளின் உடலில் ஆழ்ந்த புண்களை உண்டாக்கியது. உயிரிழப்பும் ஏற்பட்டது. 1967-லும் அடுத்த ஆண்டிலும் இத்தகைய செய்திகள் மருத்துவ ஏடுகளில் வெளிவந்தன. அம்மருத்துவர்களை நாம் குறை கூற இயலாது. அவர்கள் முறைப்படி அளந்தே கொடுத்தனர். அளவுகோல் யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர்களுள் இக்குழந்தைகள் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. தம் நோயாளிக்கு நேர்ந்த தீங்கை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்களே, அதற்காக அவர்களைப் போற்றவேண்டும். அந்த எழுத்து இல்லையேல் பின்னால் வந்த எதுவும் இல்லை.

1975-இல் பர்மிங்ஹாம், சசெக்ஸ் ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள், இந்நோயுற்றோரின் தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்துக் கதிரைச் செலுத்தினர். உடலுக்கு வெளியேயும் அவை மற்ற உயிரணுக்களைக் காட்டிலும் மிகுதியாக மடிந்தன. ஆகவே குறை உயிரணுவிலேயே உள்ளது என்பது உறுதியாயிற்று. கதிரால் முறிந்த இழையை ஒட்டும் கருவி இவர்களிடம் இல்லை என்றே எல்லாரும் கருதியிருப்பர். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்? ஆனால் அளந்து பார்த்தபோது, முறிவுகளில் பெரும்பாலானவை மற்ற உயிரணுக்களில் ஒட்டுவதைப் போலவே இவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கருவிகள் இருந்தன, வேலையும் செய்தன. பிறகு ஏன் உயிரணு சாகிறது?

சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் பெயின்டரும் பார்பரா யங்கும் 1980-இல் வேறொரு கோணத்தில் நோக்கினர். நல்ல உயிரணுவின்மீது கதிர் பட்டால், அது டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் வேலையை உடனே மட்டுப்படுத்திவிடுகிறது. நோயுற்றவரின் உயிரணுவோ எதுவும் நேராததுபோல் படியெடுத்துக்கொண்டே செல்கிறது. பாலம் இடிந்திருப்பதை அறியாமல் அதே வேகத்தில் வண்டியோட்டுபவனை எண்ணிக்கொள்ளுங்கள். குறை செப்பனிடும் கருவியில் இல்லை. பழுதை அறிந்து நிற்பதில் உள்ளது. இவ்வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான் என்பது என் கருத்து. பரிசு பெற்ற கண்டுபிடிப்புகள் பல இதற்குப் பின்னர் வந்தன. ஆனால் வினாவையே மாற்றியமைத்தது இதுவே.

நிற்பதற்கும் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பை 1988-இல் சியாட்டில் நகரில் டெட் வைனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் மிக எளிய சோதனையால் விளக்கினர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஈஸ்ட். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிறோமே, அதே ஈஸ்ட்தான். அதன் ஒரு வகையில் குறிப்பிட்ட ஒரு ஜீன் கெட்டிருந்தது. அந்த ஈஸ்ட் கதிர் பட்ட பின்னும் நில்லாமல் இரண்டாகப் பிளந்து மடிந்தது. அது பிளவுபடுவதை ஒரு மருந்தால் சில மணி நேரம் வலிந்து தடுத்து நிறுத்தினார்கள். சாகவேண்டியவற்றுள் மிகப் பல பிழைத்துக்கொண்டன! கருவி இருந்தும் காலம் இல்லாமையால் இறந்தவை, காலம் கொடுத்ததும் தாமே செப்பமாயின. தேர்வில் இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் பிழையைத் திருத்தியிருப்பேன் என்று சொல்லும் மாணவனை எனக்கு நினைவூட்டிய சோதனை இது. ஹார்ட்வெல் 2001-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

அப்படியாயின், “இழை முறிந்துவிட்டது, நில்” என்ற செய்தியை உயிரணு முழுவதும் பரப்புவது எது? இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். அதே சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 1955-ஆம் ஆண்டை ஒட்டி, எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர் தசையில் உள்ள ஒரு நொதியை ஆராய்ந்தனர். சேமித்த சர்க்கரையைத் தசைக்கு எடுத்துக் கொடுக்கும் நொதி அது. அதன்மீது ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் விழித்துக்கொள்கிறது. பாஸ்பேட்டை நீக்கினால் உறங்கிவிடுகிறது. பாஸ்பேட் என்பது ஒரு பாஸ்பரஸ் அணுவும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த மிகச் சிறிய பொருள். புரதத்தின் பருமனோடு ஒப்பிட்டால் யானையின் காதில் அமர்ந்த ஈ. ஆயினும் அது எதிர்மின் ஏற்றம் உடையது. ஒட்டிய இடத்தில் புரதத்தின் மடிப்பையே மாற்றவல்லது. மற்றொரு புரதம் வந்து பற்றிக்கொள்ளக் கைப்பிடியாகவும் ஆகவல்லது. புதிய புரதம் ஒன்றை உண்டாக்க உயிரணுவுக்கு நேரம் பிடிக்கும். இருக்கும் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுவதற்கோ நொடிகள் போதும்; வேண்டாதபோது எடுத்துவிடவும் செய்யலாம். சர்க்கரையை ஆராய்ந்தவர்கள் அந்நாளில் டி.என்.ஏ.யை எண்ணிப்பார்த்திருக்கமாட்டார்கள். 1992-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அதே 1992-இல் மைக்கேல் காஸ்டன் என்னும் அமெரிக்கர் குழுவினர் ஒரு துப்பைக் கண்டனர். பி-53 என்று ஒரு புரதம் உண்டு. அதன் அளவு மிகுந்தால் உயிரணு பிளவுபடாமல் நிற்கும். கதிர் பட்டால் நல்ல உயிரணுவில் அதன் அளவு விரைந்து உயர்கிறது. தள்ளாட்ட நோயுற்றோரின் உயிரணுவில் அவ்வாறு உயர்வதில்லை. செய்தி எங்கோ அறுந்திருக்கிறது. 1995-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் யோசெப் ஷிலோ குழுவினர் அந்த அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தனர். நோயுற்ற குழந்தைகளை உடைய குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தின் துணைகொண்டு, 11-ஆம் குரோமோசோமில் நெடுநாள் தேடிக் கண்ட ஜீன் அது. நோயின் பெயரைக் கொண்டே அதற்கு ஏ.டி.எம். என்று பெயரிட்டனர். பணம் எடுக்கும் பொறியோடு குழப்பிக்கொள்ள வேண்டா! அந்த ஜீன் ஆக்கும் புரதம் 3,056 அமினோ அமிலங்களைக் கோத்த மாபெரும் புரதம். அது செய்யும் வேலை என்ன தெரியுமா? பிற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது. அந்தப் பேனாவில் மை இல்லாமற் போனவர்களே இக்குழந்தைகள்.

குறி எங்கே இடப்படுகிறது என்பதும் சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் நூல்கண்டில் நூல் சுற்றியதுபோல் சுற்றப்பட்டுள்ளது. ஹிஸ்டோன்களுள் எச்-2-ஏ-எக்ஸ் என்ற சற்று மாறுபட்ட ஒரு வகையை வில்லியம் பானர் என்பவர் 1980-ஐ ஒட்டியே அறிந்திருந்தார். அதற்கு என்ன பயன் என்பதுதான் விளங்காமலிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எம்மி ரொகாகு என்ற அம்மையாரும் பானரும் பிறரும் சேர்ந்து, கதிர் பட்ட சில நிமிடங்களுக்குள் அந்த ஹிஸ்டோனின் 139-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டனர். முறிந்த இடத்தில் மட்டுமன்றி, அதன் இருபுறமும் ஏறத்தாழ 20 லட்சம் எழுத்துகள் அளவுக்கு இக்குறி பரவுகிறது. பாஸ்பேட் உள்ள ஹிஸ்டோனை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தை ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இருண்ட உட்கருவில் விண்மீன்போல் ஒரு புள்ளி தெரியும். இரட்டை இழையும் ஒருங்கே முறிந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி! ஒரு கிரே அளவு கதிர் பட்ட உயிரணுவில் இத்தகைய முறிவுகள் 30 முதல் 40 வரை நேரும். அதுவரை கணக்கிட்டு ஊகித்ததைக் கண்ணால் எண்ணிப் பார்க்க முடிந்தது. எக்ஸ்-கதிரால் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் சி.டி. சோதனைக்குப் பின் நோயாளியின் இரத்தத்தை எடுத்து இப்புள்ளிகளை எண்ணிய ஆய்வும் 2005-இல் வெளிவந்தது.

ஏ.டி.எம். எப்படி விழித்துக்கொள்கிறது என்பதை 2003-இல் பக்கனிஸ்ட், காஸ்டன் இருவரும் விளக்கினர். சாதாரண வேளையில் இரண்டு ஏ.டி.எம். புரதங்கள் ஒன்றையொன்று தழுவியபடி செயலற்று இருக்கின்றன. இழை முறிந்ததும் ஒன்று மற்றொன்றின் 1981-ஆம் செரினில் பாஸ்பேட்டை ஒட்டிவிட, இரண்டும் பிரிந்து வேலைக்குக் கிளம்புகின்றன. காவலர் இருவர் ஒருவரையொருவர் தட்டி எழுப்புவதுபோல் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். கிளம்பிய ஏ.டி.எம். ஒரு புரதத்தோடு நிற்பதில்லை. அதுவும் அதனை ஒத்த இன்னொரு நொதியும் சேர்ந்து, பழுது நேர்ந்தபோது 700-க்கு மேற்பட்ட புரதங்களில் 900-க்கு மேற்பட்ட இடங்களில் குறியிடுவதாக 2007-இல் ஸ்டீபன் எலெட்ஜ் குழுவினர் கணக்கெடுத்தனர். பி-53 புரதமும் அவற்றுள் ஒன்று. அமைதியான நாளில் அது பிறந்த சிறிது நேரத்திலேயே அழிக்கப்பட்டுவிடும். அதற்கு அழிவைக் கொண்டுவரும் குறி யுபிக்விட்டின் என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். பாஸ்பேட் ஒட்டிய பி-53 அந்த அழிவிலிருந்து தப்பிப் பெருகுகிறது. 1992-இல் காஸ்டன் கண்ட துப்புக்கு விடை இதுவே.

யுபிக்விட்டினைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அழிக்கவேண்டிய புரதத்துக்கு அது இடும் முத்திரையைக் கண்டறிந்த சீச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகியோர் 2004-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆகவே யுபிக்விட்டின் என்றாலே சாவு ஓலை என்று பலரும் எண்ணினர். 2007-இல் கோபன்ஹேகன், டொரான்டோ, அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து மூன்று குழுக்கள் ஒரே செய்தியோடு வந்தன. ஹிஸ்டோனில் உள்ள பாஸ்பேட்டை ஒரு புரதம் வந்து பற்றுகிறது. அதன்மேலும் ஏ.டி.எம். பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்தப் பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு வரும் அடுத்த புரதம், முறிவைச் சூழ்ந்து யுபிக்விட்டின் சங்கிலிகளைக் கட்டுகிறது. இந்தச் சங்கிலி எவரையும் அழிப்பதன்று, செப்பனிடுவோரை அழைப்பது. ஒரே ஓலையை வேறு விதமாக மடித்தால் வேறு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த முனைகளை நேரே ஒட்டுவதா, பழுதில்லாத படியைப் பார்த்து நிரப்புவதா என்ற தீர்ப்பும் இக்குறிகளைச் சுற்றி வந்து சேரும் புரதங்களாலேயே முடிவாகிறது.

மூன்றாவது வகை மை ஒன்றும் உண்டு. 1963-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பியேர் ஷம்போனும் அவர் தோழர்களும் கண்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலி அது. ஒற்றை இழை மட்டும் முறிந்த இடத்தில் பார்ப் என்னும் நொதி இச்சங்கிலியைத் தன்மேலும் அக்கம்பக்கத்திலும் கட்டி, செப்பனிடுவோரை வரவழைக்கிறது. சிலருக்குப் படியைப் பார்த்து நிரப்பும் வழி பிறவியிலேயே கெட்டிருப்பதால் புற்று தோன்றும். அப்புற்றணுக்கள் பார்ப் இல்லாமல் பிழைக்கமாட்டா என்று ஷெப்பீல்டிலும் லண்டனிலும் இரு குழுக்கள் 2005-இல் காட்டின. பார்ப்பைத் தடுக்கும் ஒலாபரிப் என்ற மருந்து 2014-இல் கருப்பைச் சூலகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. நோயின் குறையையே நோய்க்கு எதிராகத் திருப்பிய மருந்து அது.

இட்ட குறியை அழிக்கவும் வேண்டும் அல்லவா? இழை ஒட்டியபின் பாஸ்பேட்டைக் கழற்றுவதற்கென்று வேறு நொதிகள் உள்ளன. 2005-ஐ ஒட்டி அவை தெரியவந்தன. அவற்றை முடக்கினால் முறிவு ஒட்டுவதும் தாமதப்படுகிறது. நல்ல உயிரணுவில் மறுநாளைக்குள் புள்ளிகளில் ஏறக்குறைய எல்லாம் மறைந்துவிடும்.

தள்ளாடும் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இந்நோயை இன்று இரத்தச் சோதனையால் இளமையிலேயே அறியலாம். புற்று கண்டாலும் கதிரைத் தவிர்த்து, மருந்தையும் எண்ணி அளந்தே கொடுக்கிறார்கள்; 1967-இல் நேர்ந்தது மீண்டும் நேராதிருக்க அதுவே காப்பு. அக்குழந்தைகளின் தாய்மார்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அவர்களிடம் ஏ.டி.எம். ஜீனின் இரு படிகளுள் ஒன்று கெட்டிருக்கும். மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இத்தகையோர். அப்பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்று மிகுதியாக வருவதை மைக்கேல் ஸ்விப்ட் 1987-இல் எடுத்துக்காட்டியதால், இன்று அவர்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கின்றனர். நோயைத் தீர்க்கும் மருந்து மட்டும் இன்னும் வரவில்லை. தள்ளாட்டத்துக்குக் காரணம் சிறுமூளையின் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மடிவதே. அந்த அணுக்களோ பிளவுபடுவதே இல்லை. “நில்” என்று சொல்வதற்கு ஒன்றுமில்லாத அந்த அணுக்களுக்கு ஏ.டி.எம். எதற்காக வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.